மூலிகைக் கேள்வி–பதில்: இமயமலைப் பிரிமுலாவும் திபெத்திய மருத்துவமும்

சென்ற இதழில் திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பாவைப் பற்றி எழுதியபோது, பிரிம்ரோஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பிரிமுலா மலரும் அங்கே மருந்தாகப் பயன்படுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கும்பகோணம் முதல் முத்துப்பேட்டை வரை வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வருவதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து சிக்கிம் சென்றிருந்தோம். யும்தாங் பள்ளத்தாக்கின் ஓடைக்கரைகளில் மஞ்சள் நிறப் பூக்கள் சிறு மணிகளைப் போலத் தலைகவிழ்ந்து நின்றன. இது அம்ச்சிகள் கையாளும் மருந்து என்று எங்கள் வண்டி ஓட்டுநர் சொன்னார். எந்த நோய்க்கு, எந்த முறையில் என்பது அவருக்குத் தெரியவில்லை. விளக்குவீர்களா?
— வாசகர், கும்பகோணம்

நிறம், பூ கவிழ்ந்து தொங்கும் விதம், ஓடைக்கரை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் கண்டது பிரிமுலா சிக்கிமென்சிஸ் என்ற இனமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல், பனி உருகி வடியும் நீரில் எப்போதும் ஊறிக் கிடக்கும் புல்வெளிகளில் இது கோடையில் பூக்கிறது. 1848 முதல் 1850 வரை சிக்கிம் பகுதியில் பயணம் செய்த பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் வழியாகத்தான் இது ஐரோப்பியத் தாவரவியல் ஏடுகளில் இடம்பெற்றது. அம்ச்சி என்று இமயமலைப் பகுதியில் அழைக்கப்படும் திபெத்திய மருத்துவர்களுக்கோ பிரிமுலா மலர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பழக்கமானவை.

அவர்கள் இதற்கு இட்ட பெயர் ஷாங்டில். மஞ்சள், வெள்ளை, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று நிறத்தைக் கொண்டு ஷாங்டிலை வகை பிரிப்பது அவர்களுடைய மருந்துப்பொருள் நூல்களின் வழக்கம். நாமும் கரிசலாங்கண்ணியை வெள்ளை, மஞ்சள் என்று இரண்டாகப் பிரிக்கிறோம். தாவரவியல் கணக்கில் அவை வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்த செடிகள். ஷாங்டில் விஷயத்திலும் அப்படித்தான்: பிரிமுலாப் பேரினத்தில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்க, அவற்றுள் பாதிக்கு மேல் இமயமலையிலும் மேற்குச் சீன மலைகளிலும் வளர்வதால், ஒரு வட்டாரத்து அம்ச்சி ஒரு பெயரால் பறிக்கும் பூவும் இன்னொரு வட்டாரத்து அம்ச்சி அதே பெயரால் பறிக்கும் பூவும் ஒரே இனமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே சொல்லப்போவதைப் படிக்க வேண்டும்.

மஞ்சள் ஷாங்டிலின் மருந்துறுப்பு அதன் பூ. அதன் வீரியம் குளிர்ச்சி என்று வகுத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குச் சூட்டினால் வருவதாகக் கருதப்படும் வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் சூடு மிகுந்ததால் எழுவதாகக் கருதப்படும் கடுமையான காய்ச்சல் ஆகியவையே இதற்கு முதன்மையாகச் சொல்லப்படும் பயன்கள். திபெத்திய மருத்துவத்தில் நோய்கள் எத்தனை வகைப்பட்டாலும் முடிவில் சூட்டு நோய், குளிர் நோய் என்ற இரண்டு பெரும் பிரிவுகளுக்குள் வந்துவிடும். பித்தமும் ரத்தமும் சூட்டின் பக்கம். கபம் குளிர்ச்சியின் பக்கம். ஆகவே ‘குழந்தையின் பேதிக்குப் பிரிமுலா’ என்று மொட்டையாகச் சொன்னால் அது அவர்களுடைய கருத்தாகாது. வயிறு குளிர்ந்து செரிமானத் தீ மந்தமானதால் வந்த பேதி என்று நாடியும் சிறுநீரும் காட்டினால் அந்த அம்ச்சி இந்தப் பூவைத் தொடமாட்டார். மாதுளை விதையைப் போன்ற வெப்ப வீரியமுள்ள பொருளையே தேடுவார். ஒரே அறிகுறிக்கு நேரெதிரான இரண்டு மருந்துகள் என்பது சித்த மருத்துவம் தெரிந்த குடும்பங்களுக்குப் புதிய செய்தியாக இருக்காது.

பூவைப் பறிப்பதிலும் காயவைப்பதிலும் அவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு என்னை மிகவும் கவர்ந்த பகுதி. ஒரு மூலிகை மருந்தாவதற்கு ஏழு அங்கங்கள் நிறைவேற வேண்டும் என்று அவர்கள் நூல்கள் விதிக்கின்றன. உரிய நிலத்தில் விளைந்திருக்க வேண்டும். உரிய பருவத்தில் பறித்திருக்க வேண்டும். முறைப்படி உலர்த்தியிருக்க வேண்டும். பழையது புதியது பார்த்திருக்க வேண்டும். நஞ்சு நீக்கியிருக்க வேண்டும். உடல் தாங்கும்படி மென்மையாக்கியிருக்க வேண்டும். பொருத்தமான பொருள்களோடு சேர்த்திருக்க வேண்டும். குளிர்ச்சி வீரியமுள்ள பொருள்களை நிழலிலும் காற்றிலும் உலர்த்துவார்கள். வெப்ப வீரியமுள்ளவற்றை வெயிலிலோ நெருப்பருகிலோ உலர்த்துவார்கள். வெயிலில் காய்ந்த குளிர்ச்சிப் பூ அதன் குணத்தை இழந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அவ்வாறு உலர்த்திய பூவும் பெரும்பாலும் தனித்துக் கொடுக்கப்படுவதில்லை. திபெத்திய மருந்துகளில் பல, பத்துக்கும் இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களை இடித்துச் சேர்த்து உருட்டிய மாத்திரைகள். அவற்றை மென்றோ பொடித்தோ வெந்நீரோடு உட்கொள்ளச் சொல்வார்கள். கஷாயமாகவும் சூரணமாகவும் தருவதும் உண்டு.

இந்த மருத்துவத்தின் மூல நூலான கியூஷி, அதாவது நான்கு தந்திரங்கள், 156 அத்தியாயங்கள் கொண்டது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யுதோக் யோந்தென் கோன்போவின் பெயரோடு அது இணைத்துப் பேசப்படுகிறது. பின்னர் 18ஆம் நூற்றாண்டில் தெயுமார் தென்சின் பூன்ட்சோக் என்ற அறிஞர் 2,294 மருந்துப்பொருள்களை வகைதொகை செய்து எழுதிய நூல்தான் இன்றுவரை பொருள்களை அடையாளம் காண அம்ச்சிகள் முதலில் புரட்டும் ஏடு. இவை யாவும் மரபுச் சான்றுகள். ஒரு சமூகம் பல தலைமுறைகளாக ஒரு பூவைக் கவனித்துப் பயன்படுத்தி எழுதிவைத்தது என்பதற்கு மதிப்பு உண்டு. அதையே நவீன மருத்துவப் பரிசோதனைக்கு நிகராக எடுத்துக்கொள்வது தவறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நேரும் தொல்லையைத் திருவாரூர் வாசகியின் கேள்வியில் பார்ப்போம்.

மார்பக வலிக்காக என் மருத்துவர் ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற எண்ணெய்க் கேப்சூலை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் எழுதிய திபெத்திய மலரும் இதுவும் ஒன்றுதானா? அப்படியானால் இது ஆயிரம் ஆண்டுப் பழமையான மருந்து என்று நம்பிச் சாப்பிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி

ஒன்று அல்ல. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. உங்கள் கேப்சூலில் இருப்பது ஈனோதெரா பையென்னிஸ் என்ற செடியின் விதையிலிருந்து எடுத்த எண்ணெய். அந்தச் செடியின் தாயகம் வட அமெரிக்கா, குடும்பமும் வேறு. மாலையில் பூ விரிவதால் ஆங்கிலேயர்கள் அதற்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். திபெத்திய ஏடுகள் எழுதப்பட்ட காலத்தில் அந்தச் செடி ஆசியாவிலேயே இருந்ததில்லை. ஆகையால் ஆயிரம் ஆண்டுத் திபெத்தியப் பெருமையை அந்தக் கேப்சூலுக்குச் சூட்ட இடமில்லை. சில விளம்பரங்கள் இரண்டு படத்தையும் அருகருகே போட்டு வாசகரைத் தடுமாறச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் ஏறத்தாழ 10 சதவீத அளவில் இருக்கிறது. மாதவிடாயை ஒட்டி வரும் மார்பக வலிக்கு நம் நாட்டு மருத்துவர்கள் இதைப் பரவலாக எழுதுகிறார்கள். ஆனால் பயன் போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மார்பக வலிக்கும் தோல் கரப்பானுக்கும் வழங்கப்பட்டிருந்த இதன் மருந்து உரிமங்களை 2002இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கரப்பானுக்கு இது பலன் தருவதாகத் தெரியவில்லை என்று 2013இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் கூறியது. அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். இந்தச் செய்திகளை உங்கள் மருத்துவரிடமே வைத்து, எத்தனை மாதம் சாப்பிட்டுப் பார்ப்பது, குறையாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவராகவோ விரைவில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள இருப்பவராகவோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வலி ஒரே இடத்தில் நிலைத்து நின்றாலோ, கட்டி கையில் தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தாலோ எண்ணெய்க் கேப்சூலை நம்பி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அவர்களும் வாத, பித்த, கபம் என்கிறார்கள், நாடி பார்க்கிறார்கள். இது நம்மிடமிருந்து போனதுதானே?
— வாசகர், நாகப்பட்டினம்

போனதும் உண்டு, வேறு திசைகளிலிருந்து வந்து சேர்ந்ததும் உண்டு, அவர்களாகவே வளர்த்துக்கொண்டதும் உண்டு. ‘நம்மிடமிருந்து’ என்பதை முதலில் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்படர் வடமொழியில் இயற்றிய அஷ்டாங்க இருதயத்தை, பெரும் மொழிபெயர்ப்பாளர் என்று திபெத்தியர்கள் போற்றும் ரின்சென் சாங்போ (958–1055) திபெத்திய மொழியில் பெயர்த்தார். கியூஷியில் அதன் தடம் அழுத்தமாகவே இருக்கிறது. உங்கள் ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் ஒரு பொருத்தம் சொல்லலாம்: ரின்சென் சாங்போ மேற்குத் திபெத்தில் இருந்து பௌத்த, மருத்துவ நூல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்த அதே தலைமுறையில்தான் முதலாம் இராசராசன் ஆட்சியில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடையாக வழங்கப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. பௌத்த உலகம் அன்று எவ்வளவு விரிந்து கிடந்தது என்பதை உணர்த்தத்தான் சொல்கிறேன்.

நம் வாதத்துக்கு ஒப்பான லூங், பித்தத்துக்கு ஒப்பான டிபா, கபத்துக்கு ஒப்பான பேகென் என்று மூன்று குற்றங்களை அவர்கள் கூறுகிறார்கள். ஆனால் அவை எங்கிருந்து பிறக்கின்றன என்று கேட்டால் விடை முழுக்கப் பௌத்தமாக இருக்கும்: ஆசையிலிருந்து லூங், வெறுப்பிலிருந்து டிபா, அறியாமையிலிருந்து பேகென். சித்தர்கள் பேசும் ஐம்பூதக் கணக்கும் அவர்களிடம் உண்டு, அறுசுவையும் உண்டு, சுவை, வீரியம், செரித்த பின் வரும் சுவை என்ற படிநிலையும் உண்டு. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் முறை சீன மருத்துவத்தோடு நெருக்கமுள்ளது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. சிறுநீர்ச் சோதனையில் நம் சித்தர்கள் எண்ணெய்த் துளி விட்டு அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று நெய்க்குறி பார்த்தார்கள். அம்ச்சியோ வெள்ளைக் கிண்ணத்தில் சிறுநீரை ஊற்றிக் குச்சியால் அடித்துக் கலக்கி, நிறத்தையும் ஆவியையும் நுரை எழுந்து அடங்கும் விதத்தையும் பார்க்கிறார். கேள்வி ஒன்றுதான், கருவி வேறு.

மருந்துப்பொருள்களில் தெற்கின் பங்கு மறுக்க முடியாதது. கடுக்காயை அவர்கள் மருந்துகளின் அரசன் என்கிறார்கள். மருத்துவப் புத்தரின் கையில் இருப்பதும் அதுவே. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த நம் திரிபலாவை அவர்கள் அருரா, பருரா, கியுருரா என்று எண்ணுகிறார்கள். ஜாதிக்காய், கிராம்பு, குங்குமப்பூ, சிற்றேலம், பேரேலம், மூங்கிலுப்பு ஆகிய ஆறையும் ‘ஆறு சிறந்த பொருள்கள்’ என்று தனியே போற்றுகிறார்கள். இவற்றுள் பல, பனிமலையில் விளையாதவை. மேலே இருந்து கீழேயும் வந்திருக்கிறது: நம்மூர் நாட்டு மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் இமயமலைச் சரக்குகள். அவை இரண்டும் வேரோடும் கிழங்கோடும் தோண்டப்படுவதால் அருகிவருகின்றன. 1997இல் அவற்றைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஷாங்டிலில் பூவை மட்டும் கிள்ளுவதால் செடி பிழைக்கிறது.

‘திபெத்திய மஞ்சள் பிரிமுலா, குழந்தைகளின் சூட்டுப் பேதிக்கு’ என்று உலர்ந்த பூவை இணையத்தில் விற்கிறார்கள். என் பேரனுக்கு இரண்டு வயது. கோடையில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. வாங்கி ஊறவைத்துக் கொடுக்கலாமா?
— வாசகி, திருவாரூர்

வேண்டாம், அம்மா. பை மேல் அச்சிட்ட பெயரை மட்டும் வைத்து அது எந்த இனத்துப் பூ, எந்த மலையில் பறித்தது, எப்படி உலர்த்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் பதிலில் சொன்ன ஏழு அங்கங்களில் ஒன்றைக்கூட உங்களால் சரிபார்க்க முடியாது. அந்தப் பேதி சூட்டினால் வந்ததா, குளிர்ச்சியால் வந்ததா என்று நாடி பார்த்துச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. திபெத்திய மருத்துவத்தின் விதிப்படியே பார்த்தாலும் அது மருந்தாகாது.

இரண்டு வயதுக் குழந்தையைப் பேதியில் வாட்டுவது உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். பேதி கண்டவுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்து, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் முழுவதையும் கரைத்து வையுங்கள். பாதிப் பொட்டலத்தைப் பாதித் தண்ணீரில் என்று கைக்கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு முறை பேதியானதும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி என்ற அளவில், கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் விடாமல் மொத்தம் 14 நாள்கள். இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். கஞ்சி, குழைத்த சோறு, தாய்ப்பால் எதையும் நிறுத்தக் கூடாது; ‘வயிற்றைக் காயப்போடுவது’ நம் பக்கத்து வீடுகளில் இன்னும் ஒழியாத வழக்கம், அது குழந்தையை மேலும் இளைக்க வைக்கிறது.

மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கோடை தோறும் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மருந்தைவிட முதலில் பார்க்க வேண்டியது குடிநீர். ஆற்றில் நீர் வற்றி, குழாயில் விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் மாதங்களில் கசிவுள்ள குழாய் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுவது டெல்டா நகரங்களில் நடக்கக்கூடியதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையில் மூலிகைப் பயிர் ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். பிரிமுலா நம் மண்ணில் வருமா?
— விவசாயி, ஒரத்தநாடு

வராது. கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் நம் சமவெளியில் இமயமலைப் பிரிமுலா முளைத்தாலும் நிலைக்காது. அதற்குக் குளிர்காலப் பனியும் கோடையில் குளிர்ந்த ஓடுநீரும் வேண்டும். யாராவது விதையோ நாற்றோ தருகிறேன், விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தாவரவியல் முதலாண்டு படிக்கிறேன். பிரிமுலாவின் உறவுச் செடி எதுவும் காவிரிப் படுகையில் இல்லையா?
— மாணவி, முத்துப்பேட்டை

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பாமணியாறும் கோரையாறும் கடலோடு கலக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் செல்லும்போது, பெரும்பரப்பை நிறைத்து நிற்கும் அலையாத்தி மரங்களுக்கு இடையே, கொம்புபோல வளைந்த காய்களோடு ஒரு குற்றுமரம் தென்படும். வெள்ளைப் பூ, நல்ல மணம், தேனீக்கள் மொய்க்கும். அது நரிகண்டல், தாவரவியல் பெயர் ஏஜிசெரஸ் கார்னிகுலேட்டம். முன்பு மிர்சினேசி என்று தனிக் குடும்பமாக வைத்திருந்த செடிகளை, மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் 2009இல் வெளியான, பூக்கும் தாவரங்களுக்கான ஏ.பி.ஜி. மூன்றாம் வகைப்பாடு பிரிமுலேசி குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டது. அதன்படி, 3,500 மீட்டர் உயரத்துப் பனிநீரில் நிற்கும் ஷாங்டிலும் உப்பங்கழிச் சேற்றில் நிற்கும் நரிகண்டலும் ஒரே குடும்பத்தவை. பழைய பாடநூல் வைத்திருந்தால் அதில் வேறாக இருக்கும். தேர்வுக்கு உங்கள் ஆசிரியர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேதிப்பொருளிலும் அந்த உறவு தெரிகிறது. நரிகண்டலின் பட்டையிலும் விதையிலும் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. கடலோர மக்கள் அதை இடித்து நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். பிரிமுலாவின் வேரிலும் சப்போனின்தான் முதன்மையான பொருள். ஐரோப்பாவில் பிரிமுலா வெரிஸ், பிரிமுலா எலாட்டியர் ஆகிய இனங்களின் வேரையும் பூவையும் சளி கரைக்கும் இருமல் மருந்தாக நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்; ஐரோப்பிய மருந்து முகமை அதை மரபுவழிப் பயன்பாடு என்ற அளவில் ஏற்றிருக்கிறது. இமயமலை ஊர்களில் பிரிமுலா டென்டிகுலேட்டாவின் வேர்ப்பொடியை அட்டையைக் கொல்லப் பயன்படுத்துவதும் உண்டு. மீனுக்கும் அட்டைக்கும் நஞ்சாவது மனிதனுக்கு இருமல் மருந்தாவது அளவைப் பொறுத்தது. அளவு மீறினால் வயிற்றைப் புரட்டி வாந்தி வரும்.

இன்னொரு உறவுச் செடி காட்டில் அல்ல, கடையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் படரும் எம்பெலியா ரைபெஸ் கொடியின் காயான வாய்விடங்கமும் இதே குடும்பத்தில் அடங்குகிறது. மிளகு போன்ற அந்தக் காய் வயிற்றுப் பூச்சிக்குச் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் பேர்பெற்றது. விடங்கம் என்ற பெயரையே சற்றுத் திரித்து பிதங்கா என்று திபெத்தியர்களும் வழங்கி, அதே பூச்சி நோய்க்கே கொடுக்கிறார்கள். ஆக, பிரிமுலாக் குடும்பத்திலிருந்து திபெத்திய மருத்துவத்துக்குத் தெற்கு அளித்த பங்கும் ஒன்று இருக்கிறது. வாய்விடங்கத்தைக் கருவுற்ற பெண்களும் கருத்தரிக்க விரும்பும் பெண்களும் தவிர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் வாங்கிவந்த பிரிமுலாத் தொட்டிச் செடியைத் தொட்ட பிறகு விரல்களில் அரிப்பும் கொப்புளமும் வந்தன. மருந்துச் செடி என்கிறீர்களே?
— வாசகி, மயிலாடுதுறை

நீங்கள் வாங்கியது பிரிமுலா அப்கோனிகாவாக இருக்கலாம். சீனாவைத் தாயகமாகக் கொண்டு உலகெங்கும் அழகுக்காக வளர்க்கப்படும் அந்த இனத்தின் இலை, தண்டு மயிர்களில் பிரிமின் என்ற குயினோன் வகைப் பொருள் சுரக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது தோல் அழற்சியை உண்டாக்கும். சுவையான தகவல் ஒன்று: மேலே சொன்ன வாய்விடங்கத்தில் பூச்சியைத் தாக்கும் எம்பெலின் என்ற பொருளும் இதே பென்சோகுயினோன் வகையைச் சேர்ந்தது. செடியைக் கையுறை போட்டு அப்புறப்படுத்துங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கொப்புளம் ஆறாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஷாங்டில் என்ற பெயரில் அந்தச் செடியின் பூவைக் கஷாயம் வைத்துவிடாதீர்கள்.

திபெத்திய மருத்துவரை நேரில் பார்க்க விரும்புகிறேன். இந்தியாவில் இதற்குச் சட்ட ஏற்பு உண்டா? தஞ்சாவூரிலிருந்து எங்கே செல்வது?
— வாசகர், தஞ்சாவூர்

உண்டு. 2010இல் இந்திய மருத்துவ மத்தியக் கழகச் சட்டத்தில் செய்த திருத்தத்தின் மூலம் சோவா ரிக்பா ஏற்கப்பட்டது. சித்த மருத்துவத்தோடு இதுவும் இன்று ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. லே நகரில் இதற்கென்று தேசிய நிறுவனம் அமைக்க 2019இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 1916இல் பதின்மூன்றாம் தலாய் லாமா லாசாவில் நிறுவிய மென்ட்சீகாங் என்ற மருத்துவ நிறுவனம் 1961இல் தர்மசாலாவில் மீண்டும் தொடங்கப்பட்டது; அதன் கிளை மருத்துவமனைகள் இந்தியாவின் பல ஊர்களில் இயங்குகின்றன. நமக்குப் பக்கத்தில் என்றால் கர்நாடகத்தின் பைலகுப்பே. காவிரி நம்மிடம் வருவதற்கு முன் கடந்துவரும் குஷால்நகரை ஒட்டி இருக்கும் திபெத்தியக் குடியிருப்பு அது. மைசூர் வழியாகச் செல்லலாம்.

போவதற்கு முன் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் கொண்டுவரச் சொல்லலாம். முந்தைய நாள் சிறுநீரின் நிறத்தை மாற்றும் பீட்ரூட் போன்றவற்றையும் மதுவையும் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் சீட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நம் ரச மருந்துகளைப் போலவே, ரின்சென் ரில்பு என்ற விலை உயர்ந்த மாத்திரைகளில் சில வகைகள் சுத்தி செய்த பாதரசம் சேர்ந்தவை; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அது சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும்.